எங்கள் பள்ளிக்கூடம் எப்போது செய்தியாகும்?

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடி தாங்காமல் மாணவர்கள் மயங்கினார்கள். தெரு முழுக்கத் தொலைக்காட்சி வண்டிகள். நவம்பர் 4 அன்று பள்ளி திறந்ததும் மறுபடி அதே நெடி, மறுபடி மருத்துவமனை, மறுபடி கேமராக்கள். பிறகு அந்தச் செய்தி மெல்ல உள்பக்கத்துக்குப் போய்க் கரைந்துவிட்டது.

எண்ணூரிலும் மணலியிலும் உரத் தொழிற்சாலை, சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் இவற்றின் புகைக்கு நடுவேதான் மாநகராட்சிப் பள்ளிகளும் நடக்கின்றன. மீனவர், தலித், துறைமுகக் கூலி, தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். மயங்கி விழுந்தால் செய்தி. தினமும் அந்தக் காற்றைச் சுவாசித்தபடி படிப்பது செய்தியில்லை.

நானும் காசிமேட்டுப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் படித்தவன்தான். நான் ஏழாவது படிக்கும்போது கழிப்பறைக்கு மாதக்கணக்கில் தண்ணீர் வரவில்லை. பெண் பிள்ளைகள் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அம்மாக்கள் சேர்ந்து மனு கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிறகு ஒரு மாலைப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. மறுவாரமே மோட்டார் ஓடியது. எங்கம்மா அந்தத் துண்டுத் தாளை வெகுநாள் அரிசி டப்பாவில் மடித்து வைத்திருந்தார்.

அத்தனை பேர் கையெழுத்துக்கு இல்லாத பலம் நாலு வரிக்கு எங்கிருந்து வந்தது? மனு அதிகாரியின் மேசையோடு முடிகிறது. செய்தி ஊருக்கே தெரிகிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஜனநாயகம் என்பது எங்கள் தெருவில் இப்படித்தான் வேலை செய்கிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் பள்ளிக்கு எவ்வளவு நிதி வந்தது, பக்கத்து வார்டுப் பள்ளிக்கு என்ன கிடைத்தது என்று தெரியாத பெற்றோர் அந்தக் கூட்டத்தில் எதை வைத்துக் கேள்வி கேட்பார்? தகவல் இல்லையென்றால் உரிமை கையெழுத்துப் போடுவதோடு முடிந்துவிடும்.

செய்தி வந்தால் மட்டும் போதுமா? யார் எழுதுகிறார்கள் என்பதும் இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஆகஸ்ட் 31 அன்று தினமலரின் ஈரோடு-சேலம் பதிப்பு, பிள்ளைகள் இரண்டு முறை சாப்பிடுவதால் பள்ளிக் கழிப்பறை நிரம்பி வழிகிறது என்ற பொருளில் தலைப்பிட்டது. அரசுப் பள்ளிக் கழிப்பறை பற்றி எழுத எவ்வளவோ உண்டு. தண்ணீர் இல்லை, கதவு இல்லை, கழுவ ஆள் இல்லை என்று எழுதலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு ஏழைப் பிள்ளையின் வயிற்றைக் குற்றம் சொல்லத் தோன்றியதே, அதற்குப் பெயர்தான் சாதி.

இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது ஒன்றும் நேற்று வந்ததல்ல. 1920இல் வட சென்னைக்காரரான பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த மாநகராட்சிதான் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. அதே ஆண்டு ஜனவரியில் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அதற்கு முன்பே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் இதே சென்னையில் நடத்தத் தொடங்கிவிட்டார்கள். தங்கள் மக்களின் செய்தியை அடுத்தவன் நியாயமாக எழுதுவான் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இன்று நாளிதழ்களில் தனியார் பள்ளிக்கு முழுப்பக்க விளம்பரம் வருகிறது. அரசுப் பள்ளி தேர்ச்சி விழுக்காட்டு நாளில் ஓர் எண்ணாக வந்து போகிறது. நடுவில் உள்ள முந்நூற்றுச் சொச்சம் நாட்களையும் யாராவது எழுத வேண்டும்.

தோழர்களே, உங்கள் வார்டுப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது நடக்கிறது என்று கேளுங்கள். அங்கே போகும் பெற்றோரிடம் பேசுங்கள். எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது, எந்த நாளில் நெடி அடித்தது என்று தேதியோடு எழுதுங்கள். பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் மட்டும் போடாதீர்கள். நாலு வரி போதும்.