அளவில்லா விடுப்பு யாருக்கு ஆதாயம்?

சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் சமணத் துறவியருக்கென வெட்டப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. தலைமாட்டில் கல்லைத் திண்டுபோல் உயர்த்தி, ஓர் ஆள் படுக்குமளவிற்குப் பாறையை வழவழப்பாக்கியிருக்கின்றனர். அவற்றுள் பெரியதொன்றில் தமிழ் பிராமி எழுத்து உண்டு, கி.மு. முதல் நூற்றாண்டினது என்பர். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் பொருள். 'மலை முழுவதும் உமக்கே, விரும்பியபடி படுத்துக்கொள்ளும்' என்று கைவீசிவிட்டு அவர்கள் போய்விடவில்லை. இடத்தை அளந்து, வெட்டி, பெயரையும் பொறித்தார்கள்.

இன்று பெருநிறுவனங்கள் சில பெருமையோடு அறிவிக்கும் 'அளவில்லா ஊதிய விடுப்பு' இதற்கு நேர்மாறானது. ஆண்டுக்கு இத்தனை நாள் என்னும் கணக்கே கிடையாதாம். வேலையை முடித்துவிட்டு, வேண்டிய நாள்கள் ஊதியத்தோடு ஓய்வெடுக்கலாமாம். நெட்ஃபிளிக்ஸ் இவ்வழியில் முன்னே சென்றது. 2023 சனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் அமெரிக்கப் பணியாளருக்கு இதனை அறிவித்தது. அதுவும் மாதச் சம்பளக்காரருக்குத்தான். மணிக்கணக்கில் கூலி பெறுவோருக்கு இல்லை!

நன்மை இல்லாமல் இல்லை. குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போதும், முதிய தந்தையோடு மருத்துவமனையில் இருக்கும்போதும், மிச்ச விடுப்பை விரல்விட்டு எண்ண வேண்டாம். பொய்யான மருத்துவச் சான்றுக்கு அலையவும் வேண்டாம். மனிதரை நம்பும் எந்த ஏற்பாட்டையும் நான் இகழமாட்டேன்.

ஆனால் எண் எழுதப்படாத இடத்தில் எண்ணை நிர்ணயிப்பது யார்? மேலதிகாரியின் முகக்குறியும், விடுப்பே எடுக்காத பக்கத்து மேசைக்காரரும் அன்றோ? கிக்ஸ்டார்ட்டர் என்னும் அமெரிக்க நிறுவனம் 2015இல் இம்முறையையே கைவிட்டு, ஆண்டுக்கு 25 நாள் என்று வரையறுத்தது. எத்தனை நாள் எடுப்பது தகும் என்ற ஐயமே இனி எழாது என்பது அது சொன்ன காரணம். மற்றொன்றும் உண்டு. எண்ணப்பட்ட விடுப்பு எஞ்சினால் பணியை விட்டு விலகும்போது பணமாகலாம். எண்ணப்படாத விடுப்பில் எஞ்சுவதற்கு என்ன இருக்கின்றது? தாராளம் என்ற பெயரில் முதலாளியின் கடன் பேரேட்டிலிருந்து மறைந்துவிடுகின்றது.

ஓய்வுநாள் கட்டளை 'களைத்தால் ஓய்ந்துகொள்' என்று சொல்லவில்லை. ஏழாம் நாள் என்று எண்ணிச் சொன்னது. அடிமைக்கும், அந்நியருக்கும், மாட்டுக்கும் அந்நாளைக் கொடுத்தது. எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய் என்பதை இணைச்சட்ட நூல் அதற்குக் காரணமாகக் காட்டுகின்றது. அடிமையால் ஓய்வைக் கேட்க இயலாது. ஆகவே கடமை ஆண்டானின் மேல் வைக்கப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைக் குறித்து எழுதிய சுற்றுமடலும், ஞாயிறையேனும் உள்ளடக்கிய வார ஓய்வையும் ஆண்டு விடுப்பையும் உரிமை என்றே கூறுகின்றது, சலுகை என்று அன்று.

நம் மாநிலத்தின் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஓராண்டு பணி முடித்தவருக்கு 12 நாள் ஊதிய விடுப்பும், நோய்க்கு 12 நாளும், தற்செயல் தேவைக்கு 12 நாளும் வகுத்தது. தொழிற்சாலைச் சட்டம் 1948இல் 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்றது. கணினிப் பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இவ்வெண்களை மனப்பாடம் செய்யட்டும். நிறுவனம் இதற்குமேல் அள்ளிக் கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும். குறைந்த அளவை முதலில் எழுதட்டும். அதிகாரியே முதலில் விடுப்பெடுத்துக் காட்டட்டும்.

அன்னவாசல் வட்டாரத்தில் வயலிலும் கல்லுடைப்பிலும் கூலிக்குச் செல்வோருக்கு அளவில்லா விடுப்பு என்றோ உண்டு, ஊதியந்தான் கிடையாது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணிடம், 'வேண்டும்போது சொல்லிவிட்டுப் போ, நாங்கள் என்ன தடுக்கவா போகிறோம்?' என்கின்றோம். அவள் கேட்கத் தயங்குவாள் என்பது நமக்குத் தெரியும். வாரத்தில் எந்தக் கிழமை, ஆண்டில் எத்தனை நாள், ஊதியம் பிடிக்காமல் அவளுக்கு என்பதை இந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிடலாமே.