சுற்றைச் சோதியாத சோதனை

சாதனம் முழுமையும் சோதனையில் தேறினால் போதும், அதனுள்ளிருக்கும் ஒருங்கிணைந்த சுற்றைத் தனியே சோதித்தல் வீண் என்போர் உளர். அவர்கள் பௌதிகத்தை மறந்து வாதிடுகின்றனர். வானொலி மீடிறன் அலை கம்பிவழியே சுற்றின் முனையை அடையும்போது, உள்ளீட்டுத் திரான்சிற்றர் அதனைச் சீராக்கிப் பொய்யானதொரு நேரோட்ட அழுத்தத்தைப் பிறப்பிக்கின்றது. பின்னே வரும் எவ்வடிகட்டியும் அதனை மெய்ச் சைகையினின்று பிரித்தறியாது. அதே இலக்கமுடைய சுற்றின் உட்பரிமாணம் பின்னர் சுருக்கப்படின், இன்று தேறிய சாதனம் நாளை தவறக்கூடும்.

2006 இல் வெளியான ஐ.ஈ.சி. 62132-4 நியமம், 150 கிலோஹேட்ஸ் முதல் 1 கிகாஹேட்ஸ் வரையான அலைவலுவை முனையினுள் நேரே செலுத்திச் சுற்றின் தாங்குதிறனை அளக்கும் முறையை வகுத்துள்ளது. முறை உண்டு, பெறுபேற்றை வெளியிடுமாறு அது எவரையும் பணிக்கவில்லை. சுற்றின் பலவீனம் மறைந்திருக்கையில் அதற்கு விலை கொடுப்பவர் மருத்துவக் கருவியை நம்பிக் கிடக்கும் நோயாளியே. தரவேட்டில் அப்பெறுபேறு இல்லாத சுற்றை வாங்க மறுப்பது பொறியியலாளரின் கடமையாகும்.