ஐயத்திற்கு ஓர் ஒழுங்கு: சீனக் குறிபார்த்தல் மரபும் இடரை எதிர்கொள்ளும் நெறியும்

முன்னுரை

விளைவு தெரியாத செயலில் இறங்கும்முன் ஏதேனும் ஒரு துணையை நாடுதல் எல்லாச் சமூகங்களிலும் காணப்படும் வழக்கமாகும். போர், பயணம், மகப்பேறு, விளைச்சல், நோய் ஆகியவற்றில் எழும் ஐயத்திற்குப் பண்டைய சீனர் ஆமையோட்டிலும் பூண்டுத் தண்டிலும் விடை தேடினர். இம்மரபு குறித்து இருவகைக் கருத்துகள் பரவலாக நிலவுகின்றன. வருங்காலத்தைப் புலப்படுத்தும் மறைபொருள் அறிவு என்பது ஒன்று. அறிவியலுக்கு முந்தைய மூடநம்பிக்கை என்பது மற்றொன்று. இவை எதிரெதிரானவை போலத் தோன்றினும், குறிபார்த்தலின் பணி வருவதை அறிவிப்பது மட்டுமே என்னும் ஒரே எடுகோளின்மீது நிற்கின்றன. சீனப் பனுவல்களோ இவ்வெடுகோளுக்கு முழுதும் இடந்தரவில்லை. வருவது தெரியாத நிலையில் எவ்வாறு வினவுவது, எடுத்த முடிவுக்கு எவ்வாறு பொறுப்பேற்பது என்பவற்றைக் கற்பித்ததே அம்மரபின் நிலைத்த பயன் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

எலும்பில் பொறித்த வினாக்கள்

ஹெனான் மாநிலத்து ஆன்யாங் நகரையொட்டிய யின்சூ, ஷாங் அரசமரபின் இறுதித் தலைநகர் இருந்த இடமாகும். அங்கு 1928 முதல் நடைபெற்ற அகழாய்வுகள் எழுத்துப் பொறித்த ஆமையோடுகளையும் மாட்டின் தோள்பட்டை எலும்புகளையும் பெருமளவில் வெளிக்கொணர்ந்தன. 1936இல் கண்டறியப்பட்ட ஒரே குழியில் மட்டும் 17,000க்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. இவற்றுள் பெரும்பகுதி கி.மு. 1200ஐ ஒட்டி ஆண்ட வூ திங் மன்னனின் காலத்தவை. ஓட்டின் பின்புறம் குழிகள் குடைந்து, அவற்றில் சூடேற்றி, முன்புறம் தோன்றும் வெடிப்புகளைக் கொண்டு குறி கண்டனர்.

முழுமையான ஒரு பொறிப்பு நான்கு கூறுகளை உடையது. நாளும் குறிபார்ப்பவர் பெயரும் முதற்கூறு. கேட்கப்படும் பொருள் இரண்டாவது. மன்னன் கூறும் கணிப்பு மூன்றாவது. பின்னர் நிகழ்ந்தது நான்காவது. ஒரு செயல் நன்றாகும் என்றும் அதே செயல் நன்றாகாது என்றும் வினாவை இணையாகப் பொறித்தலும் உண்டு.

வூ திங்கின் அரசியருள் ஒருவரான ஃபூ ஹாவின் மகப்பேறு பற்றிய பொறிப்பு இங்கு நோக்கத்தக்கது. திங் நாளில் பிறந்தால் நன்று, கெங் நாளில் பிறந்தால் மிக நன்று என மன்னன் கணித்தான். முப்பத்தொரு நாள் கழித்து ஜியாயின் நாளில் குழந்தை பிறந்தது. அது நன்றாக அமையவில்லை, பெண் குழந்தை என்று பொறிப்பு முடிகிறது. பெண்மகவை நன்மையின்மையாகக் கண்ட அச்சமூகத்தின் மதிப்பீடு ஏற்கத்தக்கதன்று. எனினும், மன்னன் விரும்பிய நாள் வாய்க்கவில்லை என்னும் செய்தியை மன்னனுடைய குறிப்பதிவே மறைக்காமல் காத்திருப்பது அந்நடைமுறையின் நேர்மையைக் காட்டுகிறது.

இந்நேர்மையை மிகைப்படுத்தவும் கூடாது. பின்னிகழ்வைக் குறிக்கும் பொறிப்புகள் மொத்தத்தில் சிறுபான்மையே. அன்றியும், எத்தனை சிறைக்கைதிகளைப் பலியிடுவது என்னும் வினாவும் இதே எலும்புகளில் இதே ஒழுங்குடன் கேட்கப்பட்டுள்ளது. வினவும் முறை செம்மையாக இருப்பதனாலேயே வினவப்படும் செயல் அறமாகிவிடாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

ஐந்து குரல்கள்

சீனச் செவ்வியல் ஆவணத் தொகுப்பான ஷூசிங்கில் அடங்கிய ஹோங்ஃபான் என்னும் பகுதி, பெரிய ஐயம் எழும்போது அரசன் யாரையெல்லாம் கலந்துகொள்ள வேண்டும் என வரையறுக்கிறது. முதலில் தன் நெஞ்சு, அடுத்து அமைச்சர், அதன்பின் மக்கள், இறுதியில் ஆமையோடும் பூண்டுத் தண்டும் என்பது அவ்வரிசை. ஐவகைக் குரல்களும் ஒன்றுபடும் நிலை, சில மாறுபடும் நிலை ஆகியவற்றுக்குத் தனித்தனி முடிவுகள் கூறப்படுகின்றன. ஓடும் தண்டும் ஒருசேர மனிதர்க்கு மாறுபட்டால் செயலைத் தவிர்த்து அமைதியாயிருத்தலே நன்று என்பதனால், குறிக்குத் தரப்பட்ட எடை சிறிதன்று. ஆயினும் குறி தனித்து ஆளவில்லை. தன் நெஞ்சை முதலில் கேளாத அரசன் குறியைக் கேட்கும் இடத்திற்கே வந்து சேரமுடியாது. மக்களின் கருத்து குறிக்கு முன்னதாக வைக்கப்பட்டிருப்பதும் எண்ணத்தக்கது.

இடர் வேறு, குற்றம் வேறு

மாற்றங்களின் நூல் எனப் பொருள்படும் ஈ சிங், சௌ அரசமரபுக் காலத்தில் உருவான குறிநூலைக் கருவாகக் கொண்டது. முழுக்கோடும் இடைமுறிந்த கோடும் ஆறு அடுக்குகளாக அமைந்து 64 உருக்களைத் தருகின்றன. கோடுகள் மொத்தம் 384. ஐம்பது தண்டுகளுள் ஒன்றை விலக்கி, எஞ்சிய 49ஐப் பகுத்தும் எண்ணியும் கோட்டுக்கு மூன்று முறையாகப் பதினெட்டு முறை செய்தால் ஓர் உரு கிடைக்கும். விரைவை நாடுவோர்க்கு இது ஏற்ற முறையன்று. பிற்காலத்தில் பரவிய மூன்று நாணய முறை எளிதாயினும், இரு முறைகளிலும் வாய்ப்பளவுகள் ஒத்தவையல்ல. மாறும் முழுக்கோடு தண்டு முறையில் பதினாறில் மூன்று பங்கும், மாறும் முறிகோடு பதினாறில் ஒரு பங்கும் தோன்றும். நாணய முறையில் இவ்விரண்டும் எட்டில் ஒரு பங்காகச் சமப்படுகின்றன.

கருவியைக் காட்டிலும் நூலின் தீர்ப்புச் சொற்களே இங்கு முதன்மையானவை. நன்மை, தீமை என்னும் இரண்டோடு அந்நூல் நின்றுவிடவில்லை. வருத்தம், இழுக்கு, இடர், குற்றமின்மை என்னும் படிநிலைகளும் அதில் உண்டு. முதல் உருவாகிய சியெனின் மூன்றாங்கோட்டில் இடரும் குற்றமின்மையும் ஒருங்கே கூறப்படுகின்றன. ஒருவர் இடர்மிகுந்த நிலையில் இருக்கலாம். அதனால் அவர் குற்றமுடையவர் ஆகிவிடார் என்பது இதன் பொருள். விளைவையும் நடத்தையையும் பிரித்துக் காணும் இப்பகுப்பு, இடரை எதிர்கொள்வோர்க்குச் சீன மரபு தந்த கொடைகளுள் தலையாயது எனலாம். செயல் தோற்றதனாலேயே முடிவு தவறு என்பதும், செயல் வென்றதனாலேயே முடிவு சரி என்பதும் இப்பகுப்பின்முன் நிற்கமாட்டா.

நான்காம் உருவாகிய மெங், முதன்முறை கேட்பவர்க்கே விடை உண்டு என்றும், மீண்டும் மீண்டும் கேட்டல் குழப்பமே என்றும் உணர்த்துகிறது. விரும்பிய விடை வரும்வரை வினவுதல் தன் விருப்பத்தையே விடையாக ஆக்கிக்கொள்ளும் செயலாகும் என்பதை நூல் அறிந்திருக்கிறது.

மூன்று நிகழ்வுகள்

சோ சுவான் என்னும் வரலாற்று நூல் இந்நெறி செயற்பட்ட முறையைக் காட்டுகிறது. லூ நாட்டில் கி.மு. 530இல் தன் தலைவராகிய ஜி குடியினர்க்கு எதிராகக் கிளர்ச்சிக்கு முனைந்த நான் குவாய் குறி பார்த்தான். மிக நன்று என்னும் சொல் அமைந்த குன் உருவின் ஐந்தாங்கோடு அவனுக்குக் கிடைத்தது. இதை அவன் காட்டியபோது, ஸிஃபூ ஹூய்போ என்பவர் செயல் வாய்மையும் பற்றுறுதியும் உடையதாயின் குறி பலிக்கும், இல்லையெனில் தோல்வியே என்றும், தீய துணிவுச் செயலுக்கு ஈ சிங்கைக் கருவியாக்கலாகாது என்றும் விளக்கினார். கிளர்ச்சி தோற்று, நான் குவாய் சி நாட்டிற்குத் தப்பியோடினான்.

அதே நூலில் கி.மு. 564இல் காவலில் இறந்த லூ நாட்டு அரசமாதேவி மூ ஜியாங்கின் செய்தியும் உள்ளது. காவலில் வைக்கப்பட்டபோது பார்த்த குறியைக் கொண்டு விரைவில் வெளியேறுவார் எனக் குறிபார்ப்பவர் கூற, அந்த நற்குறிக்கு உரிய பண்புகள் தம்மிடம் இல்லை, ஆதலால் இங்கேயே இறப்பு நேரும் என்று அவர் மறுத்தார். அவ்வாறே நேர்ந்தது. இவை முடிவு தெரிந்தபின் எழுதப்பட்டவை. ஆதலின் குறி பலித்ததற்குச் சான்றாகா. ஆனால், கிடைத்த குறியைவிடக் குறி கேட்பவரின் தகுதியே முடிவைத் தீர்மானிக்கும் என்று அக்காலத்தார் கருதினர் என்பதற்கு இவை உறுதியான சான்றுகளாகும்.

மூன்றாவது நிகழ்வு எளிதில் தீர்ப்புக் கூற இடந்தராதது. ஈ சிங் குறிநூலாகவே பயிலப்பட வேண்டும் என வலியுறுத்திய சூ ஷீ (1130–1200), 1195இல் அதிகாரம் மிக்க ஹான் தூசோவின் தரப்பைக் கண்டிக்கும் விண்ணப்பம் ஒன்றை எழுதினார். மாணவர்கள் அஞ்சித் தடுத்தனர். இறுதியில் குறி பார்க்கப்பட்டது. பின்வாங்கல் எனப் பொருள்படும் துன் உரு கிடைத்தது. அவர் விண்ணப்பத்தை எரித்துவிட்டார். இதை அறிவுடைமை என்பாரும் அச்சத்திற்குக் குறி தந்த மறைப்பு என்பாரும் இருக்கலாம். ஆனால் துன் என்னும் அப்பெயரையே பின்னர் அவர் தம் புனைபெயராகத் தாங்கினார். பின்வாங்கியதை மறைக்காது தம் பெயரிலேயே ஏற்றுக்கொண்டமையால், முடிவின் சுமையை அவர் குறியின்மேல் ஏற்றவில்லை என்றே கொள்ளவேண்டும்.

மறுப்பும் எல்லையும்

சீன மரபினுள்ளேயே வலிய மறுப்புகள் எழுந்தன. ஈ சிங்கை நன்கு கற்றவர் குறி பார்ப்பதில்லை என்பது சுன்ஸியின் நிலைப்பாடு. கி.பி. முதல் நூற்றாண்டினரான வாங் சூங், இறந்த ஓடும் உலர்ந்த தண்டும் விண்ணின் கருத்தை அறிவிக்க இயலுமா என வினவினார். இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஓட்டுக்கும் தண்டுக்கும் வருங்கால அறிவு இல்லை. எனவே மருத்துவமோ வெள்ள முன்னறிவிப்போ கணக்கிட்டுச் சொல்ல வல்ல இடங்களில் குறியை நாடுதல் அறியாமையாகும். ஆனால் கணக்கீடு எவ்வளவு இடர் என்பதைச் சொல்லுமேயன்றி, அவ்விடரை ஏற்கும் தகுதி தனக்கு உண்டா என்பதைச் சொல்லாது. ஸிஃபூ ஹூய்போவும் மூ ஜியாங்கும் எழுப்பியது அந்த இரண்டாம் வினாவையே.

முடிவுரை

சீனக் குறிபார்த்தலைத் தமிழில் எழுதுவோர் அதனைச் சோதிடம் எனப் பெயர்ப்பது பொருந்தாது. சோதிடம் பிறந்த நேரத்துக் கோள்நிலையிலிருந்து தொடங்குவது; ஓடும் தண்டும் ஒருவர் இப்போது எதிர்கொள்ளும் ஐயத்திலிருந்து தொடங்குபவை. முன்னதில் ஊழ் முந்துகிறது. பின்னதில் வினா முந்துகிறது. கழங்கு, கட்டு, விரிச்சி எனத் தனித்தனிப் பெயரிட்டு வேறுபடுத்திய மொழிக்கு இவ்வேறுபாட்டைப் பேணுதல் அரிதன்று. வினாவைத் தெளிவாக அமைத்தல், பிறர் குரலையும் கேட்டல், விடை கசந்தாலும் மீண்டும் கேளாதிருத்தல், இடரையும் குற்றத்தையும் பிரித்துக் காணுதல், முடிவைத் தனதாக ஏற்றல் என்னும் ஐந்தும் இம்மரபிலிருந்து கொள்ளத்தக்கவை. இவற்றைக் கைக்கொள்ள ஆமையோடு தேவையில்லை. இவற்றைக் கைவிட்டவர்க்கு ஆமையோட்டால் பயனும் இல்லை.