விடுதலைப் பத்திரம் எழுதலாமா?

கெங்கவல்லியிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், வயது 17. தம் உடல்நலம் குன்றிவருவதால், கண்மூடுமுன் அவளை ஒருவன் கையில் ஒப்படைத்துவிட விரும்புகிறார். வரனும் வந்திருக்கிறது. "சொத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதுவதுபோல, 'என் மகளை என் பொறுப்பினின்று விடுவித்தேன், அவள் திருமணத்துக்குச் சம்மதிக்கிறேன்' என்று முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதாதா?" என்று கேட்கிறார்.

அன்பரே, போதாது. பிரான்சு நாட்டில் 16 வயது நிறைந்த பிள்ளையை, பெற்றோரின் வேண்டுகோளின்பேரில், நீதிபதி மைனர் நிலையினின்று விடுவிக்கலாம். நம் நாட்டுச் சட்டத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை. 18 வயது நிறையும் நாளில் மைனர் நிலை தானே நீங்கும். அதற்குமுன் எந்தப் பத்திரமும் அதை நீக்காது.

திருமணமும் நீக்காது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு இதைத் தெளிவாக்கிற்று. விவரம் தெரிந்துவிட்டது என்று கூறி, மைனர் பெண் பெற்றோரின் பாதுகாப்பை விட்டு விலக இயலாது. அவளை மணந்தவன் அவளுக்குக் காப்பாளனாகவும் இயலாது என்று அத்தீர்ப்பு கூறுகிறது.

2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என வயதை வரையறுத்துள்ளது. பெற்றோரின் சம்மதம் இதில் ஒரு நாளைக்கூடக் குறைக்காது. மாறாக, அத்தகைய திருமணத்துக்கு உடன்படும் தந்தைக்கு 2 ஆண்டுவரை கடுங்காவலும், 1 லட்ச ரூபாய்வரை அபராதமும் விதிக்கப்படலாம். நடத்திவைப்பவருக்கும் அதே தண்டனை உண்டு. தாங்கள் எழுத நினைக்கும் பத்திரமே தங்களுக்கு எதிரான சாட்சியாகும்! 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும், அந்தந்த நாட்டு வழக்கத்திலுள்ள வயதுக்குமுன் இளையோர் மணம் புரியாதவாறு அறிவுறுத்தும்படி மேய்ப்பர்களைப் பணிக்கிறது. ஆகவே பங்குத்தந்தை ஓலை வாசிக்க மறுத்தால் மனம் வருந்தவேண்டாம்.

ஆயினும் தங்கள் அச்சம் நியாயமானது. தமக்குப்பின் மகளுக்கு யார் துணை என்பதே அது. அதற்குத் தாங்கள் எழுதவேண்டிய பத்திரம் வேறு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி, கிறிஸ்தவத் தந்தை ஒருவர் தம் மைனர் பிள்ளைக்கு உயில்மூலம் காப்பாளரை நியமிக்கலாம். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். முத்திரைத் தாள் தேவையில்லை. பதிவு செய்வது தங்கள் விருப்பம். மனைவியோடு கலந்து, நம்பிக்கைக்குரியவரை அதில் குறிப்பிடுங்கள்.

இன்னொன்று. தங்கள் கடிதத்தில் மாப்பிள்ளையின் ஊர், வேலை, நிலம் எல்லாம் இருக்கின்றன. மகள் என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை. அவளுக்கு 18 நிறைய இன்னும் சில மாதங்களே உள்ளன. அதுவரை அவள் ஆத்தூர்க் கல்லூரிக்குச் சென்று படிக்கட்டும். அதன்பின் முதலில் கேட்கவேண்டிய சம்மதம் தங்களுடையதன்று, அவளுடையது.