பொம்மைக்கு விலை உண்டு, பெயர் உண்டா?

நவராத்திரி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடக்க இடம் இருக்காது. பிளாட்பாரம் முழுக்க கொலு பொம்மைகள். தசாவதாரம், அஷ்டலட்சுமி, கல்யாண செட், செட்டியார் பொம்மை... பேரம் பேசாமல் வாங்குபவர்கள் குறைவு. எந்த ஊர்ப் பொம்மை என்று கேட்டால் பண்ருட்டி, காஞ்சிபுரம், கொசப்பேட்டை என்று பதில் வரும். யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் ஒரு குயவருக்கு நடந்ததைப் பாருங்கள். பெயர் நம்பேயோ. அரிசோனாவில் ஹோப்பி பழங்குடியினர் நடுவே குடியேறிய டேவா மக்களின் ஹானோ கிராமத்தில், 1860-ஐ ஒட்டிப் பிறந்த பெண். சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி, சுருள் சுருளாக அடுக்கிக் கையாலேயே பானை செய்வார். ஆட்டுச் சாணத்தை எரித்துச் சுடுவார். அருகில் சிக்யாட்கி என்ற பாழடைந்த ஊரில் கிடைத்த பழைய ஓடுகளின் சித்திரங்களைப் பார்த்து, மறந்துபோன அந்தப் பாணிக்கு மறுபடி உயிர் கொடுத்தார்.

அவர் பானையில் கையெழுத்துப் போடும் வழக்கம் உள்ளவர் அல்ல. 1905-ல் கிராண்ட் கேன்யனில் சுற்றுலாப் பயணிகள் முன்னால் அவரைப் பானை செய்ய வைத்தது ஹார்வி என்ற நிறுவனம். விற்ற பானைகளில் 'செய்தவர் நம்பேயோ' என்று சின்ன லேபிள் ஒட்டியது. வியாபாரத்துக்காகத்தான், தர்மத்துக்காக அல்ல! ஆனால் பெயர் பானையோடு ஊர் ஊராகப் போனது. 1942-ல் அவர் இறந்த பிறகும் மகள்களும் பேத்திகளும் அந்தப் பெயரிலேயே தொழிலைத் தொடர்ந்தார்கள்.

மண்ணில் பெயர் எழுதுவது நமக்குப் புதிதா? கீழடி ஓடுகளில் 'ஆதன்' போன்ற பெயர்கள் தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. அவை பெரும்பாலும் பானைக்குச் சொந்தக்காரரின் பெயர்கள் என்கிறார்கள். செய்தவர் அன்றும் பெயரில்லாதவர்தான் போல. இன்று? புதுச்சேரி வில்லியனூரின் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் ஒருவருக்கு விருது கொடுத்துவிட்டு, மற்ற எல்லோரையும் 'பொம்மைக்காரர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

"ஒரு பொம்மை நாலு கை மாறுகிறது. அச்சில் எடுப்பவர் ஒருவர், சுடுபவர் ஒருவர், வண்ணம் அடிப்பவர் ஒருவர். யார் பெயரைப் போடுவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்பேயோவுக்குக் கண் பார்வை மங்கிய பிறகு அவர் செய்த பானைகளுக்கு வீட்டாரே சித்திரம் தீட்டினார்கள். பெயர் குடும்பத்துக்கும் சேர்ந்ததாகவே இருந்தது. இங்கேயும் குடும்பப் பெயரோ பட்டறைப் பெயரோ போடலாம்.

பெயர் போட்டால் விலை ஏறும் என்பது அடுத்த கவலை. ஏறட்டுமே! தி. நகரில் பட்டுப் புடவையைக் கடைப் பெயர் பார்த்து வாங்குகிறோம், அங்கே பேரம் பேசுவதில்லை. பெயர் தெரியாத ஆளிடம்தான் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லத் தோன்றுகிறது. வருடத்தில் சில வாரங்கள் மட்டும் விற்கும் தொழிலில் அந்தப் பத்து ரூபாய் சின்னத் தொகை அல்ல. பிழைப்பு இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை ஏன் மண்ணைத் தொடப் போகிறது?

செலவு ஒரு ரப்பர் ஸ்டாம்ப்தான். பொம்மையின் அடியில் செய்தவர் பெயர், ஊர், வருடம். அடுத்த நவராத்திரிக்கு மாட வீதிக்குப் போகிறவர்கள் விலை கேட்கும் முன் "இது யார் செய்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரரே விசாரித்து வைத்துக்கொள்வார்.