இலைக்குள் ஒரு சுரங்கம்

நெய்வேலி நகரியத்திலே ஞாயிற்றுக்கிழமை காலை. வட்டந்தோறும் வீடுகளில் அரிவாள்மணை அமர்ந்திருக்கிறது. பளபளக்கும் தக்காளியை அரிந்தால், உள்ளே அழுகல்! காம்போரத்தில் ஊசி குத்தினாற்போல் துளை. கடைக்காரரைக் கடிந்து பயனென்ன, தோழரே? குற்றவாளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஊசிப்புழு. 2006-இல் ஸ்பெயினில் இறங்கி, 2014-இல் புனேயில் தென்பட்டு, பின்னர் தமிழகத் தோட்டங்களிலும் குடியேறிவிட்டது. கடவுச்சீட்டுக் கேட்பாரில்லை!

சுரங்கத் தோழர்கள் பொறுத்தருள்க; இதுவும் சுரங்கம் வெட்டுகிறது. இலையின் இரு தோல்களுக்கிடையே புகுந்து, வெட்டியதையெல்லாம் தானே விழுங்குகிறது! ஒரு தாய் அந்து 260 முட்டைகள் வரை இடும். உழவர் கடன்பட்டு நஞ்சு வாங்குகிறார். (அதற்கு மருந்தென்று பெயரிட்ட மகானுபாவன் யாரோ!) தெளித்த நஞ்சு இலையின் கூரையில் வழிகிறது, உள்ளே பதுங்கியது உண்டு கொழுக்கிறது. தெளிக்கத் தெளிக்க, நஞ்சைத் தாங்கும் வம்சமே எஞ்சுகிறது. முட்டையைத் தின்று நமக்கு உதவும் சிறு நாவாய்ப்பூச்சி மடிகிறது. தெளித்தவரின் நெஞ்சிலும் அந்நஞ்சு இறங்குகிறது.

தெளிக்காதே என்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துத் தெளி என்கிறேன். எண்ணுவதற்கு வழி எளிது. பெண் அந்தின் மணத்தைச் செயற்கையாய் ஏற்றிய சிறு ரப்பர் குப்பி. அதன்கீழ் சோப்பு கலந்த தண்ணீர்த் தட்டு. இரவில் காதலித்து வரும் ஆண் அந்து தட்டில் விழும். காலையில் எண்ணினால் பகையின் பலம் தெரியும். ஆனால் பொறி ஒற்றனே தவிரப் படையல்ல. கருவுற்ற பெண் அந்து பொறியை ஏறிட்டும் பாராது, முட்டையிடப் போய்விடும். ஆகவே பொறியில் எண்ணிக்கை ஏறியதும் இலையைப் புரட்டிப் பார்க்கவேண்டும், சுரங்கம் விழுந்த இலையைக் கிள்ளி அழிக்கவேண்டும், பறிப்பு முடிந்த செடியை வயலில் வாடவிடலாகாது. வரப்போரத்து மணத்தக்காளியிலும் அது வாழும்.

1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ட இந்த மண்ணிலே, அடியில் அழுத்தும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்து, அதன் அழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள். அளவை நின்றால் சுரங்கத்துக்கு ஆபத்து! இலைச் சுரங்கத்தை அளக்க மட்டும் ஏன் ஆளில்லை? ஓர் உழவர் பொறிவைத்து, பக்கத்து வயலார் அழுகிய செடியை விட்டுவைத்தால், அந்து வரப்பை மதிக்குமா? இது ஊர் கூடிச் செய்யவேண்டிய வேலை. தோட்டக்கலைத் துறை முன்னின்று செய்யவேண்டிய வேலை. ஊராட்சி அலுவலகச் சுவரிலே கரும்பலகை ஒன்று மாட்டச் சொல்லுங்கள், தோழரே. நேற்றிரவு பொறியில் விழுந்த அந்து எத்தனை என்று அதில் நாள்தோறும் எழுதட்டும்; நஞ்சுக் கடைக்குப் போகிற வழியில் உழவர் அதைப் படிக்கட்டும்.