டீமில் இல்லாத முப்பத்தெட்டுப் பேர்

குறுவட்டப் போட்டிகள் முடிந்து, வருவாய் மாவட்டப் போட்டிக்கு டீம் தயாராகும் பருவம் இது. உடற்கல்வி ஆசிரியர்களான நம்மில் பலருக்கு விடியற்காலையிலேயே மைதானம் தொடங்கிவிடுகிறது. தலைமையாசிரியர் அறைக்கு ஒரு கோப்பை வந்து சேர்ந்தால்தான் அடுத்த ஆண்டு வலையும் பந்தும் கேட்க வாய் வரும். அதைக் குறை சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஐம்பது பேர். இருப்பது ஒரே வாலிபால் கோர்ட். பன்னிரண்டு பேர் ஆடுகிறார்கள். மற்ற முப்பத்தெட்டுப் பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என்ன கற்றுக்கொள்கிறார்கள்?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமாகவோ கடுமையாகவோ உடலை இயக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வாரத்துக்கு 420 நிமிடம். பெரும்பாலான பள்ளிகளில் நம் கைக்கு வருவது இரண்டு பாடவேளை, சுமார் 80 நிமிடம். அதிலும் வரிசையில் நிற்பது, தண்ணீர் குடிக்கப் போனவர்கள் திரும்புவது எல்லாம் போக வேண்டும். பத்தாம் வகுப்பென்றால் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அந்த நேரமும் கணக்கு ஆசிரியருக்குப் போய்விடும். ஆகவே பி.டி. பீரியட் பிள்ளைகளுக்கு உடற்தகுதியைத் தந்துவிடும் என்று சொல்லிக்கொள்வதை நாம் நிறுத்தலாம். தந்தாலும் அது தங்காது. பயிற்சியை விட்ட சில வாரங்களிலேயே இதய, சுவாசத் தாங்குதிறன் இறங்கத் தொடங்கும். அதற்கு ஒரு கோடை விடுமுறை போதும். மீதி 340 நிமிடத்தை மாணவர் தானே பயன்படுத்திக்கொள்ளக் கற்றுத்தருவதுதான் நம்மால் ஆகும் வேலை.

கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். உடல் நிறை குறியீடு, 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து எட்டுதல், வயிற்றுத் தசைக்கான பார்ஷியல் கர்ல்-அப், புஷ்-அப். இவற்றில் 50 மீட்டர் மட்டும் வேகத்தை, அதாவது விளையாட்டுத் திறன் சார்ந்த கூறை அளக்கிறது. மற்றவை எல்லாம் உடல்நலம் சார்ந்தவை. பாடமாக நடத்த வேண்டிய அத்தனையும் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. நடப்பது என்னவோ தகவல் பதிவேற்றம்தான்.

பெண்கள் 600 மீட்டர் ஓடும் நாளைக் கவனியுங்கள். 200 மீட்டர் டிராக்கில் மூன்று சுற்று. விசில் ஊதியதும் நூறு மீட்டர் பந்தயம் போலப் பாய்கிறார்கள். முதல் சுற்று முடியுமுன் ஒருத்தி விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். இன்னொருத்தி துப்பட்டாவை இழுத்துச் செருகியபடி நடக்கிறாள். கடைசியாக வருபவளுக்கு மரத்தடியிலிருந்து கைதட்டல். அது எந்த வகைக் கைதட்டல் என்று அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நாம் ஸ்டாப்வாட்சைப் பார்த்து எழுதிக்கொள்கிறோம். வேகத்தைப் பங்கிட்டு ஓட அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. இன்னொன்றையும் அது காட்டலாம். 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, நாட்டில் 10 முதல் 19 வயதுப் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்கி நிற்பவளைச் சோம்பேறி என்று அதட்டுமுன், வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்கினாளா, ஜன்னல் வழியே எறிந்தாளா என்று கேட்பது நல்லது.

இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. முதல் வாரம் நேரம் குறிக்காமல் ஒரு சுற்று மட்டும் ஓடவிடுங்கள். பக்கத்தில் ஓடுபவளிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகத்துக்கு அதுதான் அளவு. நின்றதும் கழுத்தோரம் இரண்டு விரல் வைத்து 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணட்டும். எவ்வளவு இறங்கியது என்பதை நோட்டில் எழுதட்டும். இரண்டு மாதம் கழித்து மறுபடி 600 மீட்டர் வையுங்கள். ஒப்பீடு அவளுடைய பழைய எண்ணோடு மட்டும் இருக்கட்டும்.

வரிசைப்படுத்துவதன் விளைவை அமெரிக்கா நீண்ட காலம் பார்த்தது. 1950களில் அமெரிக்கப் பிள்ளைகள் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட உடல்வலுவில் பின்தங்கியவர்கள் என்று கிரவுஸ், ஹிர்ஷ்லாண்ட் இருவரும் ஆய்வு செய்து காட்டியதில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஐசனோவர் பதறி, 1956இல் இளைஞர் உடற்தகுதிக் குழுவை அமைத்தார். 1966இல் வந்த குடியரசுத் தலைவர் விருதைப் பெற எல்லாச் சோதனைகளிலும் 85ஆவது சதமானத்தை எட்ட வேண்டும். நூற்றில் எண்பத்தைந்து பேருக்கு மேல் தோற்கும்படியே அமைந்த தேர்வு அது. 2012இல்தான் அதைக் கைவிட்டு, டல்லஸ் கூப்பர் நிறுவனத்தின் ஃபிட்னஸ்கிராமுக்கு மாறினார்கள். அதில் உடல்நலத்துக்கு எவ்வளவு போதும் என்ற வரம்பு மட்டுமே உண்டு, முதலிடம் கடைசியிடம் கிடையாது. பழைய தேர்வைத் திரும்பக் கொண்டுவர 2025 ஜூலையில் அங்கே ஆணை போட்டிருக்கிறார்கள். நாம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

எடை பார்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிஷினில் ஏறியதும் ஒரு மாணவன் எண்ணைக் கூவ, இன்னொருவன் எழுதுகிறான். அந்த மதியமே வகுப்பில் பட்டப்பெயர் பிறந்துவிடுகிறது. அந்த எண்ணும் முழு உண்மையைச் சொல்வதில்லை. தெற்காசியர்களுக்கு, அதே உடல் நிறை குறியீடுள்ள ஐரோப்பியர்களைவிட உடற்கொழுப்பு கூடுதலாக இருக்கும் என்பது நிறுவப்பட்ட செய்தி. ஒல்லியாக இருப்பவன் ஆரோக்கியமானவன் என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரமில்லை. எடையை நீங்களே பாருங்கள், நீங்களே எழுதுங்கள்.

இனி பொழுதுபோக்கு விளையாட்டு. பன்னிரண்டு பேரும் நடுவரும் சேர்ந்தால்தான் ஆடமுடியும் என்ற விளையாட்டை, பள்ளியை விட்ட பின் எத்தனை பேர் ஆடுகிறார்கள்? இருவர் இருந்தாலே போதும் வளையப்பந்துக்கு, இறகுப்பந்தும் அப்படியே. கயிறாட்டத்துக்கு அந்த இன்னொருவரும் வேண்டாம். சிலம்பம் சொல்லித்தர ஊரிலேயே ஒரு வாத்தியார் இருப்பார். அழைத்தால் வருவார். எட்டாம் வகுப்போடு மைதானத்தை விட்டு ஒதுங்கி, ‘வயித்துவலி சார்’ என்று உட்கார்ந்துவிடும் பெண்கள் வளையப்பந்துக்கும் எறிபந்துக்கும் எழுந்து வருவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வாலிபால்தான் வேண்டுமென்றாலும் வழி உண்டு. 18 மீட்டர் நீளக் கோர்ட்டில் வலையைக் கழற்றிவிட்டு, நீளவாக்கில் ஒரு கயிறு கட்டுங்கள். 6 மீட்டருக்கு ஒரு கோடு போட்டால் மூன்று சிறு கோர்ட். பக்கத்துக்கு மூவராகப் பதினெட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஆடலாம், ஒவ்வொருவர் கையிலும் பந்து அடிக்கடி படும். மீதிப் பேரைக் கயிறாட்டத்துக்கும் நாடி எண்ணுவதற்கும் பிரித்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

போட்டிக் காலம் முடிந்ததும் ஏதாவது ஒரு வகுப்பில், டீமில் இல்லாத பிள்ளைகளுக்காக, இதைச் செய்து பாருங்கள். முதல் 600 மீட்டருக்கும் இரண்டாவதற்கும் இடையே என்ன மாறியது, எது சரிப்படவில்லை என்பதை மாணவர் பெயர் குறிப்பிடாமல் இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். ஏப்ரல் இதழில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.